பிடிக்காத ஊரில் வேர் பிடித்த கதை

விழா மலர்களில் வரலாற்றுக் கட்டுரை என்று ஒன்று கட்டாயம் இருக்கும். நம் முன்னோர் கடல் கடந்து வந்தார்கள், வியர்வை சிந்தினார்கள், இந்த மண்ணை நேசித்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள் என்று அது போகும். இதில் மூன்றாவது செய்தியைப் பற்றித்தான் எங்களுக்குச் சந்தேகம்.

நாங்கள் வரலாற்று ஆசிரியர்கள் அல்லர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா வாங்கிவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாமல் கல்லாவில் வந்து உட்கார்ந்த, முப்பது வயதைத் தாண்டிய வியாபாரிகள். கடைக்கு வரும் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டே வளர்ந்தோம். அவர்கள் சிங்கப்பூரைப் பற்றி மரியாதையாகப் பேசுவார்கள், நன்றியோடும் பேசுவார்கள். ஆனால் 'நம்ம ஊரு' என்ற சொல் அவர்கள் வாயில் வரும்போது அது நாகூரையோ முத்துப்பேட்டையையோ கூத்தாநல்லூரையோ தென்காசியையோதான் குறிக்கும். அறுபது வருடம் இங்கே இருந்தவருக்கும் அப்படித்தான். பலருக்கு இந்த ஊர் பிடிக்கவே இல்லை என்பதை மரியாதைக் குறைவாக நினைக்காமல் எழுதினால்தான் அவர்கள் பட்ட பாடு நமக்கு விளங்கும் என்று நினைக்கிறோம்.

கடலோர ஊர்களில் நம்மவர்களுக்குச் 'சபராளி' என்று பெயர். சபர் என்றால் பயணம். வெளிநாட்டில் நாற்பது வருடம் கடை வைத்திருந்தவரையும் 'சபரில் இருக்கிறார்' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். மார்க்கச் சட்டம் இதை ஒப்புக்கொள்ளாது. ஓர் ஊரில் முழுதாக நான்கு நாள் தங்குவது என்று நிய்யத் வைத்துவிட்டால், ஷாஃபி மத்ஹபில் ஒருவர் முசாபிர் இல்லை. தொழுகையைச் சுருக்கித் தொழ முடியாது. ஹனஃபி மத்ஹபில் அது பதினைந்து நாள். ஆக மரைக்காயராக இருந்தாலும் ராவுத்தராக இருந்தாலும், கப்பலை விட்டு இறங்கிக் கடையில் சேர்ந்தவர் சட்டப்படி பயணி இல்லை. தொழுகையை அவர்கள் முழுமையாகத்தான் தொழுதார்கள். வாழ்க்கையைத்தான் கஸ்ராக்கிக்கொண்டார்கள்.

1786இல் பினாங்கும் 1819இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் சோழமண்டலக் கரையிலிருந்து சூலியா வணிகர்கள் வந்திறங்கிய வரலாறு நமக்குத் தெரிந்ததே. 1826இல் அன்சர் சாகிபு தலைமையில் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே தெலுக் ஆயரில் ஓலைக்குடிசையாகக் 'குச்சுப் பள்ளி' எழுந்தது. அதுதான் இன்றைய அல் அப்ரார். 1828க்கும் 1830க்கும் இடையில் அதே தெருவில் நாகூர் தர்கா கட்டப்பட்டது. மூன்றும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. மலர்களில் இவற்றை 'இம்மண்ணில் பதித்த முத்திரை' என்று எழுதுவது வழக்கம்.

நாங்கள் தெலுக் ஆயர் தர்காவை வேறு விதமாகப் பார்க்கிறோம். அங்கே அடக்கத்தலம் எதுவும் இல்லை. ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ் அடங்கியிருப்பது நாகூரில். இது அதன் நினைவாக எழுப்பப்பட்டது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கு முன் தெலுக் ஆயர் தெரு கடற்கரையாகவே இருந்தது. படகிலிருந்து கால் வைத்த இடத்திலேயே நாகூரை எழுப்பியிருக்கிறார்கள். புது ஊரில் மனம் ஒன்றியவர் பழைய ஊரின் சாயலை வாசலிலேயே கட்டிவைப்பாரா? வந்த இடத்தில் நிற்க முடியாமல் நின்றவர்கள் கட்டிய கட்டடம் அது. 2011 முதல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகவும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் கடல் இருந்த திசையைப் பார்த்து நின்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காலக் கடை வாழ்க்கை எப்படி இருந்தது? பகலில் வியாபாரம் நடந்த இடத்திலேயே இரவில் பாய் விரிப்பார்கள். ஒரு பெட்டி, ஒரு பாய், ஆணியில் தொங்கும் சட்டை. சாப்பாடு கடையில். சம்பளம் கையில் வராது. முதலாளியின் பேரேட்டில் பற்று வரவாக ஏறும். சவரத்துக்கும் சில்லறைச் செலவுக்கும் வாங்கியது பற்று. மூன்று வருடமோ ஐந்து வருடமோ கழித்து ஊருக்குப் போகும்போதுதான் கணக்குத் தீர்ப்பார்கள். அதற்கு முன் போக நினைத்தால் கணக்கில் ஒன்றும் இருக்காது, அல்லது கடன் இருக்கும்.

1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சிங்கப்பூரில் ஓர் இந்தியப் பெண்ணுக்கு ஐந்து இந்திய ஆண்கள் என்ற விகிதம் இருந்தது. தமிழ் முஸ்லிம்களில், அதிலும் கடலோர ஊர்க்காரர்களில், வீட்டுப் பெண்களைக் கப்பலேற்றும் வழக்கமே இல்லை. மனைவி ஊரில், பிள்ளை ஊரில், தாய் தகப்பன் கபர் ஊரில். இங்கே இருந்தது பேரேடு மட்டும். இந்த ஊரை நேசித்தார்கள் என்று நாம் எழுதினால், அவர்களே படித்துச் சிரித்திருப்பார்கள்.

பிடிக்கவில்லை என்றால் ஏன் திரும்பவில்லை என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. யாரும் அவர்களைக் கட்டிப்போடவில்லை. நாகப்பட்டினம் போகக் கப்பல் இருந்தது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் ஓடியது. ஆனால் வெறுங்கையோடு திரும்பி வந்தவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். தங்கைக்கு மாப்பிள்ளை பேசியிருப்பார்கள். வீட்டுக்கு அடித்தளம் போட்டுவிட்டுச் சுவர் எழும்பாமல் நிற்கும். கப்பல் கட்டணத்துக்கு வாங்கிய கடன் வட்டியோடு நிற்கும். பெட்டி நிறையாமல் போக முடியாது. பெட்டியோ, வியாபாரிகளான நமக்குத் தெரியாததா, நிறைவதே இல்லை.

இந்தக் கட்டு உள்ளுக்குள் இருந்த கட்டு. 1942இல் வெளிக்கட்டும் வந்து சேர்ந்தது.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் மீது குண்டு போட்டபோது, ஆங்கிலேய நிர்வாகம் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றி அனுப்பியது. உள்ளூர் மக்களுக்குச் சொல்லக்கூட இல்லை. பினாங்குத் தெருக்களில் கடை வைத்திருந்த நம்மவர்கள் காலையில் எழுந்து பார்த்தபோது துரைமார் இல்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. பெயர் 'சியோனான்' ஆனது. அன்றிலிருந்து 1945 செப்டம்பர் வரை, மூன்று வருடம் ஏழு மாதம், ஊருக்குக் கப்பல் இல்லை. கடிதம் இல்லை, பணம் அனுப்ப வழியில்லை. ரஜுலா போர்ப்பணிக்குப் போய்விட்டது. அதே தடத்தில் ஓடிய அதன் சகோதரக் கப்பல் 'ரோனா' 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிச் செல்லும்போது தாக்கப்பட்டு மூழ்கியது. நம் பாட்டனார்கள் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த கப்பல் அது.

அரிசிக்குப் பங்கீட்டு அட்டை. பிறகு மரவள்ளிக்கிழங்கே சோறு. துணிக்குப் பஞ்சம். ஜவுளிக் கடைக்காரன் கிழிந்த கைலியோடு இருந்த காலம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சயாம்-பர்மா ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டு அங்கேயே மடிந்தார்கள். அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் நகரத்துக் கடைக்காரர்கள் தப்பித்தவர்கள் என்றே சொல்ல வேண்டும். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து 'டில்லி சலோ' என்று முழங்கினார். அதை விடுதலை முழக்கமாகக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஊருக்குப் போகும் வழியாகவே கேட்டவர்களும் இருந்திருப்பார்கள் என்பது எங்கள் எண்ணம். டில்லிக்குப் போனால் அங்கிருந்து நாகூர் எவ்வளவு தூரம்!

கடலுக்கு இந்தப் பக்கத்துக் கதையை நாம் ஓரளவாவது பேசியிருக்கிறோம். அந்தப் பக்கத்துக் கதையை எந்த மலரும் எழுதியதாக நாங்கள் பார்க்கவில்லை. கணவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் ஒரு பெண் எத்தனை நாள் இருப்பாள்? 1939இல் பிரிட்டிஷ் இந்தியாவில் முஸ்லிம் பெண்களுக்கான திருமண முறிவுச் சட்டம் வந்திருந்தது. கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகளாகத் தெரியவில்லை என்றால் மனைவி நீதிமன்றத்தில் மணமுறிவு கேட்கலாம் என்று அது சொன்னது. இரண்டு ஆண்டுகள் பராமரிப்புக்கு எதுவும் கொடுக்காவிட்டாலும் கேட்கலாம் என்றது. ஜப்பானியர் ஆட்சி நான்கு ஆண்டு முடிய ஐந்து மாதம் இருக்கும்போது முடிந்தது. இரண்டாம் காரணத்தைப் பார்த்தால் 1944 தொடக்கத்திலேயே கதவு திறந்திருந்தது. பிடிக்காத ஊரில் சிக்கிக்கொண்டவர்கள் என்று ஆண்களைப் பற்றிப் பேசும்போது, பிடித்த ஊரில் இருந்துகொண்டே சிக்கிக்கொண்டவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கதவைத் தட்டாமல் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம்.

போர் முடிந்தபோது கப்பல் வருவதற்குள் இன்னோர் அடி விழுந்தது. வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதமானது. போருக்கு முன் நல்ல காசில் வாங்கிய கடனை ஜப்பான் நோட்டில் திருப்பிக் கொடுத்து முடித்த கெட்டிக்காரர்களும் உண்டு. வாங்கிவைத்துக்கொண்ட அப்பாவிகளும் உண்டு. நம்மவர்களில் அப்பாவிகளே அதிகம் என்று சொல்வது நமக்கு வழக்கம், அது எவ்வளவு உண்மையோ. எப்படியானாலும் மூன்று வருடப் பேரேடு செல்லாமல் போயிற்று. ஊருக்குப் போனவர்கள் பிள்ளையின் முகம் பார்த்துவிட்டு, மறுபடி பெட்டியை நிரப்பக் கப்பலேறினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் சமூகத்தின் வரலாற்றில் மிகவும் விசித்திரமான பகுதி. அதுவரை வருவதும் போவதும் கப்பல் சீட்டு விஷயம். 1948இல் அடையாள அட்டை வந்தது. 1953 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் வெளியிலிருந்து வருகிறவர்களைப் பொறுக்கி எடுக்கத் தொடங்கியது. ஊருக்குப் போனால் திரும்பி நுழைய அனுமதி வேண்டும். அதற்குக் காலக்கெடு உண்டு. உடம்புக்கு முடியாமல் ஊரில் தங்கிவிட்டால் கதவு சாத்திவிடும். இதற்கு நடுவில் 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. எட்டு ஆண்டு இங்கே வாழ்ந்தவர்கள் விசுவாசப் பிரமாணம் எடுத்துப் பதிந்துகொள்ளலாம். இந்தியாவோ இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இங்கே எடுத்தால் அங்கே போய்விடும்.

எடுத்தவர்கள் ஏன் எடுத்தார்கள்? இந்த நாட்டின் மீது பற்று வந்துவிட்டது என்று சொல்லலாம், சிலருக்கு அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் எங்களிடம் பேசிய பெரியவர்கள் சொன்ன காரணம் வேறு. ஊருக்குப் போய்விட்டுத் தடையில்லாமல் திரும்பி வர வேண்டும் என்பதற்காக எடுத்தார்களாம். அதாவது, ஊரோடு உறவு அறுந்துவிடக் கூடாது என்பதற்காக ஊரின் குடியுரிமையை விட்டுக்கொடுத்தார்கள். வியாபாரத்தில் இதற்கு ஈடான ஒப்பந்தத்தை நாங்கள் கண்டதில்லை. பலர் பயந்து எடுக்காமல் இருந்துவிட்டார்கள். 1965இல் நாடு தனியானபின் குடிமக்கள் அல்லாதாருக்கு வேலை அனுமதி வந்தபோது, 1966இல் இளஞ்சிவப்பு அட்டை யாருக்கு நீல அட்டை யாருக்கு என்று பிரிந்தபோது, அவர்கள் பட்ட அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. மலேசியாவில் 1969க்குப் பின் இதைவிடக் கடுமையாக இருந்தது. வேலை அனுமதி கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். பிடிக்காத ஊர் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர்கள், போகச் சொன்னபோது அழுதார்கள்.

போனவர்கள் அங்கே போய் நிம்மதியாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. காலையில் பசியாற ரொட்டியும் காயாவும் கேட்டார்கள். நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, சிராங்கூன் ரோட்டில் எல்லாம் நேரத்துக்கு நடக்கும் என்று ஊராரிடம் பெருமை பேசினார்கள். ஊரார் அவர்கள் வீட்டுக்குச் 'சிங்கப்பூரார் வீடு' என்று பெயர் வைத்தார்கள். இங்கே கடைசிவரை ஊர்க்காரராகவும் அங்கே கடைசிவரை சிங்கப்பூராராகவும் இருந்து முடிந்தது பலருடைய ஆயுள்.

கடையநல்லூர், தென்காசிக்காரர்களின் கதையை இதோடு கலக்கக் கூடாது. நெசவு நொடித்த ஊரிலிருந்து வந்த அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடும்பத்தோடு வந்தார்கள். தஞ்சோங் பகாரில் அடர்த்தியாகக் குடியிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அம்மியில் மசாலா அரைத்துச் சந்தையில் விற்றுச் சம்பாதித்தார்கள். கடலோர ஊர்க்காரர்கள் அதைக் குறைவாகப் பேசியதும் உண்டு. எங்கள் கணக்கில் அது பேசியவர்களுக்குத்தான் குறைவு. 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைத்தார்கள். போர் முடிந்த மறுவருடமே, 1946இல், உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். கையில் செல்லாத நோட்டு இருந்த நேரத்தில் பள்ளிக்கூடம்! பிள்ளைகள் கூட இருந்தால்தான் ஒருவருக்குப் பள்ளிக்கூடம் கட்டத் தோன்றும். தனி ஆளாகக் கடையில் படுத்தவருக்குத் தர்காவும் பள்ளிவாசலும் போதும். அந்தப் பள்ளி பின்னர் உயர்நிலைப் பள்ளியாகி 1982இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையமாக இன்றும் நிற்கிறது.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மற்றவர்களும் மனைவி மக்களை வரவழைத்தார்கள். வீவக வீடு கிடைத்தது, தண்ணீர்க் குழாய், மின்விளக்கு, கதவைச் சாத்தினால் தனிக்குடித்தனம். ஆண்களின் சிக்கல் அத்தோடு தீர்ந்தது. பெண்களுக்கு அன்றுதான் தொடங்கியது. ஊரில் அவர்களுக்குத் தாய்வீடு, கொல்லைப்புறம், அடுத்த வீட்டுச் சுவருக்கு மேல் பேச்சு, கந்தூரிக் காலம், நோன்புக் கஞ்சி வாங்க வரிசையில் நிற்கும் பிள்ளைகள் என்று எல்லாம் இருந்தன. இங்கே பன்னிரண்டாவது மாடியில் ஒரு சன்னல். ஊரில் ஐந்து வேளையும் பாங்கு கேட்டு நேரம் தெரிந்துகொண்டவர்கள். இங்கே எழுபதுகளில் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் உட்பக்கமாகத் திருப்பப்பட்டன, பாங்கு வானொலியில் வந்தது. மின்தூக்கியில் ஏறப் பயந்து வாரக்கணக்கில் கீழே இறங்காத உம்மாமார்கள் எங்கள் குடும்பங்களிலேயே உண்டு. கணவர் காலையில் கடைக்குப் போனால் இரவு பத்துக்குத்தான் வருவார். ஆண்களுக்காவது புலம்புவதற்குக் கடை இருந்தது, ஜும்ஆவுக்குப் பின் சங்கம் இருந்தது.

சங்கம் என்று சொன்னதும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இம்மலருக்காக நம் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டினோம். ஊர்ப் பள்ளிவாசலுக்கு நன்கொடை, மதரஸாவுக்குக் கூரை, வேலையில்லாத உறுப்பினருக்குக் கப்பல் கட்டணம், இங்கே மவுத்தானவரின் மையத்துச் செலவு, பிறகு வந்த ஆண்டுகளில் மாணவர் உதவித்தொகை. எல்லாம் தேவையான காரியங்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முதல் இருபது ஆண்டுக் குறிப்புகளில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. அன்று கப்பல் கட்டணம் கேட்டு மனுப்போட்ட ஆண்களைப்போல, எங்களை ஊருக்கு அனுப்பிவையுங்கள் என்று பெண்களும் எழுதியிருந்தால் பெட்டி நிறைந்திருக்கும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டுக்கு வரும் தம்பிகளைப் பார்க்கிறோம். தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள். வேலை அனுமதி அட்டை, தங்கும் விடுதியில் கட்டில், முகவருக்குக் கொடுத்த கடன். கையில் கைப்பேசி இருப்பதால் மனைவியின் முகம் தெரிகிறது. அது பாதி வித்தியாசம். மீதி எல்லாம் பேரேட்டுக் காலத்துச் சங்கதிதான். எங்கள் கடைகளில் வேலை பார்க்கும் தம்பிகள், அண்ணே இந்த ஊரு நமக்கு ஒத்துவரலைண்ணே என்கிறார்கள். மூன்று வருடத்தில் போய்விடுவேன் என்கிறார்கள். கேட்டுக்கொள்கிறோம்.

ஊரிலேயே அடங்க வேண்டும் என்பது அந்தத் தலைமுறையின் கடைசி ஆசை. பெரும்பாலோருக்கு அது வாய்க்கவில்லை. பிடாடாரி முஸ்லிம் மையவாடியில் அடங்கினார்கள். அது 1972இல் நிரம்பி மூடப்பட்டது. 2001இலிருந்து சில ஆண்டுகளில், வீடமைப்புக்காக அங்கிருந்த கபர்கள் தோண்டி எடுக்கப்பட்டு, எச்சங்கள் சுவா சூ காங்கில் மறுஅடக்கம் செய்யப்பட்டன. சுவா சூ காங்கிலும் 1998 முதல் ஓர் அடக்கத்துக்குப் பதினைந்து ஆண்டுதான் தவணை. அதற்குப் பின் எடுத்துச் சிறு இடத்தில் பலரோடு சேர்த்து அடக்குவார்கள். பிடாடாரி கபர்களை எடுத்தபோது எங்கள் வீட்டாரும் போயிருந்தார்கள். ஒரு வெள்ளைத் துணியில் கட்டிய சிறிய பொட்டலம். இவ்வளவுதான் இருக்கிறது, இப்போது ஊருக்கே கொண்டுபோய்விடலாமே என்று ஒரு பெரியம்மா கேட்டார். அதற்குரிய படிவம் எதுவும் அங்கே இருந்த அலுவலரிடம் இல்லை. பொட்டலம் சுவா சூ காங்கிற்குப் போயிற்று.